கருமுட்டைத் தரத்துக்கு ஐந்து மாத்திரை, ஆறு மாதக் காத்திருப்பு: தேவைதானா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்த அளவு 0.8. இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருக்கிறது, வலி பெரிதாக இல்லை. போன வருடம் ஐ.வி.எஃப். செய்ததில் 3 முட்டை எடுத்தார்கள். 2 முதிர்ந்தது, ஒரே ஒரு கரு உருவாகி, மூன்றாம் நாள் வைத்தார்கள், தங்கவில்லை. “முட்டைத் தரம் சரியில்லை, ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகம்” என்று சொல்லி கோக்யூ10, மெலடோனின், டி.ஹெச்.இ.ஏ., வைட்டமின் ஈ, ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் கூட்டு மாத்திரை என ஐந்து எழுதிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 6,500 ரூபாய் ஆகிறது. இரண்டு மாதமாக முகப்பரு, முடி கொட்டுகிறது. அதற்குக் கடையில் பயோடின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். கட்டியை எடுத்துவிட்டால் முட்டை நன்றாக வருமா? கணவர் ஒரு நாளைக்கு நான்கைந்து சிகரெட் பிடிப்பார். மாமியார் ஒரு லேகியம் சொல்கிறார். நான் ரொம்பக் கவலைப்படுவதால்தான் முட்டை கெட்டுவிட்டதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவலைப்பட்டதால் முட்டை கெடவில்லை. ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்பதில் வரும் ஸ்ட்ரெஸ் மன உளைச்சல் அல்ல, செல்லுக்குள் நடக்கும் ஒரு வேதிவினைச் சமாச்சாரம். சொல் ஒன்றாக இருப்பதால் எத்தனையோ பெண்கள் ‘என் மேல்தான் தப்பு’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம் இல்லையா? அப்படியே வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கறுத்துவிடும். உடம்புக்குள்ளும் இதைப் போன்ற ஒன்று ஓயாமல் நடக்கிறது. செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. அந்த வேலையில் கொஞ்சம் எலக்ட்ரான் கசிந்து ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். சூப்பராக்சைடு என்ற துடுக்கான மூலக்கூறு பிறக்கும். அதை ஒரு என்சைம் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அடுத்த என்சைம்கள் அதைத் தண்ணீராக்கிவிடும். கசிவு கூடினாலோ, துப்புரவு செய்யும் என்சைம்கள் தளர்ந்தாலோ, மிஞ்சியது கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கும். இதைத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறோம்.

கருமுட்டைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? உடம்பிலேயே பெரிய செல் அதுதான், குறுக்களவு சுமார் 0.1 மி.மீ. ஒரே முட்டைக்குள் ஒரு லட்சத்துக்கும் மேலான மைட்டோகாண்ட்ரியா இருக்கும். அதைவிட முக்கியம், அதன் வயது. உங்கள் முட்டைகள் எல்லாம் நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. கர்ப்பத்தின் 20-வது வாரத்தில் 60, 70 லட்சம் இருந்தது, பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். மீதி இருப்பவை பாதி பிரிந்த நிலையில் அப்படியே உறங்குகின்றன. இந்த மாதம் உங்களுக்கு வெளிவரும் முட்டைக்கும் வயது 36தான். அத்தனை வருடம் சேதமில்லாமல் தூங்க அது ஒரு வழி வைத்திருக்கிறது. கசிவு அதிகம் நடக்கும் முதல் நிலையத்தையே, அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் ‘காம்ப்ளக்ஸ் 1’ஐயே, உறங்கும் முட்டை மூடி வைத்துக்கொள்கிறது. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022-ல் இதைக் காட்டினார்கள். இயற்கை எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள்.

சிக்கல் முட்டை விழித்தெழும்போது வருகிறது. வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்பு குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு இழுக்கும் கயிறு மாதிரியான இழைகளும் நிறையச் சக்தியும் தேவை. குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கோஹீசின் என்ற புரதம் வருடங்கள் ஓட ஓடத் தேய்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் தளர்ந்திருந்தால் பங்கு சரியாகப் பிரியாது, ஒன்று கூடும் அல்லது குறையும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். 35 வயதில் பரிசோதிக்கும் ஐந்தாம் நாள் கருக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும், 40-ல் பாதிக்கும் மேலானவற்றுக்கும் இந்தக் கோளாறு இருக்கும். முட்டைத் தரம் என்று டாக்டர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இதற்கு ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. மோரில் போட்டால் பூ கறுப்பது தள்ளிப்போகும், கறுத்த பூவை மோர் வெளுக்க வைக்காது. மாத்திரைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதுவே அளவுகோல்.

இப்போது உங்கள் சென்ற முறைக் கணக்கைப் பார்ப்போம். எடுக்கும் முட்டைகளில் சுமார் 80 சதவீதம் முதிர்ந்திருக்கும். அவற்றில் 70 சதவீதம் போல விந்தோடு சேரும். சேர்ந்தவற்றில் பாதிதான் ஐந்தாம் நாள் கருவாக வளரும். பத்து முட்டை எடுத்தால் கையில் நிற்பது இரண்டோ மூன்றோ. மூன்று முட்டை எடுத்தவருக்கு ஒரே ஒரு கரு கிடைத்தது என்றால் கணக்கு சரியாகவே வந்திருக்கிறது. 36 வயதில் ஒரு கரு ஒருமுறை தங்காமல் போனதை வைத்து ‘தரம் சரியில்லை’ என்று முடிவு கட்ட முடியாது. உங்களிடம் குறைவாக இருப்பது எண்ணிக்கை. ஏ.எம்.ஹெச். சொல்வதும் இருப்பைத்தான், தரத்தை அல்ல. 30 முதல் 44 வயது வரை உள்ள, குழந்தைப்பேற்றுச் சிக்கல் எதுவும் முன்பு இல்லாத பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். உங்கள் நிலை வேறு என்றாலும், அந்த 0.8 என்ற எண்ணைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த முறையின் எம்ப்ரியாலஜி அறிக்கையை, அதாவது முட்டையும் கருவும் ஆய்வகத்தில் எப்படி இருந்தன என்ற குறிப்பை, கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, உருண்டையின் ஓரத்தில் ஒரு குட்டி மொட்டு போல ‘போலார் பாடி’ தெரிந்தால் முதிர்ந்தது என்று அர்த்தம். உள்ளே கருமையான மணல் போலத் திரண்டிருந்ததா, குமிழிகள் இருந்தனவா, வெளிக்கூடு தடித்திருந்ததா என்று குறித்திருப்பார்கள். அப்படி எதுவும் எழுதாமல் ‘தரம் சரியில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால், எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தத்தில் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ரத்தத்தில் உள்ள அளவு, முட்டையைச் சுற்றியுள்ள சினைப்பை நீரில் உள்ளதைக் காட்டுவதில்லை, எந்த அளவுக்கு மேல் என்ன செய்வது என்ற வரையறையும் கிடையாது.

அடுத்து மாத்திரைகள். ஐந்தின் பெட்டிகளையும் பயோடினையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, பின்னால் அச்சடித்திருக்கும் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஒரே சத்து இரண்டு மூன்று இடத்தில் வருவதைப் பார்ப்பீர்கள். செலினியம் மொத்தம் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராமையும், துத்தநாகம் 40 மி.கி.யையும் தாண்டக் கூடாது. செலினியம் நெடுநாள் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கே ஆபத்து. கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கோக்யூ10 பற்றித்தான் ஓரளவு நல்ல செய்தி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றும் பொருள் அது, வயதாக ஆகக் குறையும். முட்டை இருப்பு குறைந்த, 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 200 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 60 நாள் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வு 2018-ல் வந்தது. முட்டைகளும் நல்ல கருக்களும் கூடின. ஆனால் குழந்தை பிறப்பு கூடியதாக உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 600 மி.கி. கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு பாதியிலேயே நின்றுபோனது. ஆகவே விரும்பினால் எடுங்கள். காலையிலும் மதியமும், எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு சேர்த்து. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் நிறுத்திவிடுங்கள்.

மெலடோனின் சினைப்பை நீரிலேயே இயற்கையாக இருக்கும் பொருள் என்பதால் எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 160 பெண்களிடம் வெவ்வேறு அளவுகளில் கொடுத்து 2018-ல் வெளியிட்டார்கள். முட்டையின் எண்ணிக்கையிலோ, தரத்திலோ, கர்ப்பத்திலோ பலனில்லை. நீங்கள் இதை நிறுத்தினால் இழப்பது ஒன்றுமில்லை. தனியாக வைட்டமின் ஈ-யும் வேண்டாம். கூட்டு மாத்திரையில் அது ஏற்கெனவே இருக்கும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ சேரும்போது அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டும்.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது டி.ஹெச்.இ.ஏ. பற்றித்தான். அது வைட்டமின் இல்லை, ஹார்மோன். உடம்பில் டெஸ்டோஸ்டிரோனாகவும் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். முகப்பரு, எண்ணெய் வடியும் சருமம், முடி உதிர்வு, தாடையில் முடி ஆகியவை அதன் தெரிந்த பக்கவிளைவுகள். நீங்கள் சொல்லும் இரண்டு தொந்தரவும் இதில் இருக்கின்றன. சாக்லேட் கட்டியோ ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்வது. குறைந்த முட்டை வருபவர்களுக்கு டி.ஹெச்.இ.ஏ.வை ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. உங்கள் டாக்டருக்கு இந்த வாரமே போன் செய்து, பருவும் முடியும் இப்படி இருக்கிறது, நிறுத்தலாமா என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டு முடிக்கு பயோடின் போடுவது, ஒரு மாத்திரை செய்ததை இன்னொரு மாத்திரையால் மூடுவது. பயோடினில் வேறொரு தொல்லையும் உண்டு. முடிக்கான மாத்திரைகளில் அது 5, 10 மி.கி. இருக்கும். சில பரிசோதனைக் கருவிகளில் இது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும், ஹார்மோன் அளவுகளையும் புரட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். போட்டுக்கொண்டே எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் திரும்ப எடுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு போட்டாலும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். முட்டை இருக்கும் சிறு பை வெடித்து அது வெளிவருவதற்கே அந்தத் துடுக்கு மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை. எலிகளின் சினைப்பையில் ஆன்டிஆக்ஸிடன்டைச் செலுத்தியபோது முட்டை வெளிவருவதே தடைப்பட்டது என்று இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2011-ல் கண்டார்கள். பெண்களுக்கான ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வுகளை எல்லாம் திரட்டி காக்ரேன் குழு 2020-ல் ஆராய்ந்தது. 63 ஆய்வுகள், 7,760 பெண்கள். பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரம் பலவீனமானது என்பதுதான் அவர்கள் சொன்னது. எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் எழுதிக்கொடுப்பது ஒன்றுதான்: ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம். இது முட்டைக்காக அல்ல, குழந்தையின் தண்டுவடத்துக்காக. சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் 5 மி.கி.

ஆறு மாதம் காத்திருக்கலாமா? வெளிவரும் முன் முட்டைப்பை கடைசிக் கட்டமாக வளர எடுக்கும் காலம் சுமார் 85 நாள். மூன்று மாதம் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். மாத்திரையோ, புகையை விட்டதோ, எதற்குப் பலன் இருந்தாலும் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் சினைப்பை வற்றிப்போய்விடாது, அதற்குள் போகாவிட்டால் எல்லாம் போச்சு என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் மாத்திரை வேலை செய்யட்டும் என்பதற்காக மட்டுமே காத்திருக்கக் காரணம் இல்லை. இரண்டு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. அடுத்த மாதவிடாயோடு டாக்டரைப் பார்த்துத் தேதி குறியுங்கள். இடைப்பட்ட மாதங்களில், குழாய் அடைப்பு இல்லை என்றால், வீட்டிலும் முயற்சியை நிறுத்த வேண்டாம். முட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பேசும்போது சிலவற்றைக் கேளுங்கள். ஊசி மருந்தின் அளவையோ முறையையோ மாற்றுவார்களா? இரண்டு மூன்று சுற்றில் கிடைக்கும் கருக்களை உறைய வைத்துச் சேர்க்க முடியுமா? முட்டை எடுப்பது, அதை முதிரச் செய்யும் கடைசி ஊசியான ட்ரிக்கர் ஊசிக்குப் பிறகு 34 முதல் 36 மணி நேரத்தில் நடந்ததா? ஆய்வகத்தில் கருவை வளர்ப்பது குறைந்த ஆக்சிஜன் இன்குபேட்டரிலா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கருக்குழாயில் ஆக்சிஜன் 2 முதல் 8 சதவீதம்தான், அறைக் காற்றிலோ 21 சதவீதம். வெளிக்காற்று அளவில் வளர்த்தால் கருவின் மேல் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸை நாமே ஏற்றுகிறோம். 5 சதவீதத்தில் வளர்ப்பது மேல் என்பதற்கு, மாத்திரைகளுக்கு இருப்பதைவிட நல்ல ஆதாரம் உண்டு. தானமுட்டைக்கு உடனே போகச் சொன்னால், 36 வயது, ஒரே ஒரு சுற்றுதான் ஆகியிருக்கிறது என்பதை நினைவூட்டி இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

கட்டி விஷயம். பழைய ரத்தம் தேங்கியது அது, நிறைய இரும்பு இருக்கும். அந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்து மிகக் கொடிய மூலக்கூறுகளை உண்டாக்குவதும், சுற்றியுள்ள திசுவைப் பாதிப்பதும் உண்மை. அப்படியானால் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கும்போது கட்டியின் சுவரோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் உரிந்து வந்துவிடும், ஏ.எம்.ஹெச். மேலும் இறங்கும். 0.8-ல் இருந்து இறங்க உங்களுக்கு இடமில்லை. சாக்லேட் கட்டி உள்ளவர்களுக்கு முட்டை குறைவாக வந்தாலும், ஐ.வி.எஃப். மூலம் குழந்தை பிறக்கும் விகிதம் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே வலி தாங்க முடியாமல் போனாலோ, ஸ்கேனில் சந்தேகம் வந்தாலோ, முட்டை எடுக்கும் ஊசிக்கு வழி மறித்தாலோ மட்டும் அறுவை. அப்போதும் முதலில் கரு எடுத்து உறைய வைத்துவிட்டு, பிறகு கட்டி. முட்டை எடுக்கும்போது கட்டியைக் குத்தாமல் இருப்பதும் முக்கியம், சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு.

இனி உங்கள் கணவருக்கு. சிகரெட்டின் நிகோட்டின் எச்சம் வீட்டில் புகையைச் சுவாசிப்பவரின் சினைப்பை நீர்வரை போகிறது. அவருடைய விந்தணுவின் டி.என்.ஏ.வும் உடைகிறது. உடைந்ததை ஒட்டுவது முட்டையின் வேலை, 36 வயது முட்டைக்கு அந்தச் சுமையை ஏன் கொடுக்க வேண்டும்? நான்கைந்துதானே என்ற பேச்சு இங்கே எடுபடாது. விந்தணு உருவாக 70 நாள் போல ஆகும், இன்று விட்டால் அடுத்த சுற்றுக்குள் பலன் வரும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம். அவருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் வாங்க வேண்டாம். ஆண்களிடம் நடத்திய பெரிய அமெரிக்க ஆய்வுகள் இரண்டும் 2020-ல் பலனில்லை என்றே முடிந்தன. மாதிரி கொடுக்கும் நாளுக்கு முன் ஒரு வாரம் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு, இரண்டு நாள் இடைவெளி போதும்.

சாப்பாட்டுக்குத் தனிப் பட்டியல் எதுவும் இல்லை. காய், கீரை, பழம் எல்லாம் சேர்த்து தினம் 400 கிராமாவது, வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு பெரிய நெல்லிக்காய். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுநாளும் காய வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹெச்பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டி.எஸ்.ஹெச். (தைராய்டு) இரண்டையும் இந்த மாதமே பாருங்கள். சர்க்கரை ஏறி நின்றால் முட்டைக்குள் நடக்கும் கசிவை எந்த மாத்திரையாலும் அடைக்க முடியாது.

மாமியார் சொல்லும் லேகியத்தின் டப்பாவைப் பாருங்கள். பஸ்பம், செந்தூரம் என்று இருந்தாலோ, உள்ளே என்ன என்று எழுதாமல் இருந்தாலோ தொட வேண்டாம். அப்படிப்பட்ட சில தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். “டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அத்தை” என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள்.